தரவும் வலைப்பின்னலும் கலையாகும்போது: வடசென்னையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து இந்தக் கலையைக் கற்க வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகளில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது. இத்துறையில் இயங்கும் எல்லாரும் அதனோடு உடன்பட மாட்டார்கள்.

தனிநபர் தரவைக் கொண்டு செய்யும் கலை என்றால் என்ன?

விரல் ரேகை, போய்வந்த இடங்கள், வாங்கிய பொருள்கள், பேசிய நேரங்கள், இதயத்துடிப்பு என ஒருவரைப் பற்றிச் சேரும் பதிவுகளையும், அவற்றைச் சேர்க்கும் கேமரா, செயலி, சர்வர், கடலடி வடம் ஆகியவற்றையும் மூலப்பொருளாகக் கொள்ளும் கலை இது. இணையம் பரவும் முன்பே இது தொடங்கிவிட்டது. 1970-இல் கலைஞர் ஹான்ஸ் ஹாக்கே நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு வாக்குப்பெட்டிகளை வைத்தார். அமெரிக்க அதிபர் நிக்சனின் இந்தோசீனப் போர்க் கொள்கையை நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் கண்டிக்காதது அவருக்கு வாக்களிக்காமல் இருக்க ஒரு காரணமாகுமா என்று பார்வையாளர்களைக் கேட்டார். ராக்ஃபெல்லர் அந்த அருங்காட்சியகத்தின் நிர்வாகத்தோடு நெருங்கிய தொடர்புடையவர் என்பதால், பெட்டிகளில் உயர்ந்துகொண்டே போன சீட்டுகள் அந்தக் கட்டடத்தையே கேள்வி கேட்டன.

திரையில் எண்களும் கோடுகளும் ஓடினாலே அது தரவுக் கலை ஆகிவிடுமா?

ஆகாது என்பதே என் கருத்து. பெரிய அலுவலகங்களின் வரவேற்பறைத் திரைகளில் நெளிந்தோடும் வண்ணங்கள் அழகாக இருக்கலாம். ஆனால் அந்த எண்கள் யாரிடமிருந்து வந்தன, யார் எடுத்தார், எடுத்தபின் எதை முடிவு செய்தார் என்பவற்றில் ஒன்றுகூடப் பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், அது சுவருக்கு அடித்த வண்ணமே. அழகே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ரஃபேல் லொசானோ ஹெம்மர் 2006-இல் செய்த ‘பல்ஸ் ரூம்’ படைப்பில், கருவியைப் பிடிக்கும் பார்வையாளரின் இதயத்துடிப்புக்கு ஏற்ப ஒரு குண்டு பல்பு மினுங்கும். அடுத்தவர் வந்து பிடித்ததும் முந்தையவரின் துடிப்பு அடுத்த பல்புக்கு நகரும். இப்படி நகர்ந்து நகர்ந்து கடைசியில் அறையை விட்டே வெளியேறிவிடும். தரவு வந்த வழியும் போன வழியும் அங்கே கண்ணுக்குத் தெரிகின்றன.

வடசென்னைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எண்ணப்படுவதும் அளக்கப்படுவதும் வடசென்னைக்குப் புதிதல்ல. மறுகுடியமர்வுக்கான கணக்கெடுப்பு, 2017-இல் வந்த ஸ்மார்ட் குடும்ப அட்டை, நியாயவிலைக் கடையின் விரல் ரேகைக் கருவி, காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் பெருகிய தெருக் கேமராக்கள், தொழிற்சாலைப் பகுதிகளின் காற்றளவிகள் என இங்குள்ள மக்கள் தரவைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுத்தது என்னவாயிற்று என்பதை அவர்களுக்கு யாரும் திருப்பிக் காட்டுவது அரிது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவான படைப்புகளில் பெரும்பாலானவை ‘நான் கவனிக்கப்படுகிறேன்’ என்ற அச்சத்திலிருந்து பிறந்தவை. இங்கே அதே அளவுக்கு இன்னொரு அச்சம் உண்டு. ‘பட்டியலில் என் பெயர் இருக்கிறதா?’ என்பதே அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பின் 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையையும் டோக்கனையும் கொண்டு வழங்கப்பட்டபோது, தெருவில் பேசப்பட்டது கண்காணிப்பைப் பற்றியல்ல, விடுபட்டதைப் பற்றி. மூட்டை தூக்கியும் வலை இழுத்தும் ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காதபோது, கருவிழியைக் காட்டு என்று அடுத்த இயந்திரம் வருகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகக் கூறியதும், அதே ஆண்டில் அட்டையோடு வரிசையில் நின்றதும் ஒரே மக்களின் வாழ்க்கைதான். பதிவாகும் அச்சத்தையும் பதிவாகாமல் போகும் அச்சத்தையும் ஒருசேரப் பேசும் படைப்பு உலகில் அதிகம் இல்லை. அதை எழுதவும் வரையவும் தகுதியான இடம் இது என்று நான் நினைக்கிறேன்.

வலைப்பின்னல் என்பதை எங்கள் பகுதியில் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்க்கலாம். இணையம் ‘மேகத்தில்’ இருக்கிறது என்ற பேச்சை நம்பாமல் நடக்கத் தொடங்கினால் போதும். 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடி வடம், 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை–அந்தமான் வடம் என இந்தக் கரைக்கு வரும் கண்ணாடி இழைகள் பல. அம்பத்தூர்ப் பகுதியில் தரவு மையங்கள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் இழுக்கும் மின்சாரம் பொது மின்கட்டமைப்பிலிருந்து வருகிறது. அந்தக் கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையங்களுள் ஒன்று அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையம். எந்த யூனிட் எந்த நிலையத்தில் பிறந்தது என்று பிரித்துக் காட்ட முடியாதுதான். ஆயினும் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்த நிலக்கரிச் சாம்பலும் கைப்பேசியில் சேமித்த புகைப்படமும் ஒரே வரைபடத்தில் இடம்பெறத் தகுந்தவை. கேட் கிராஃபோர்டும் விளாடன் யோலரும் 2018-இல் அமேசான் எக்கோ என்ற, குரலுக்குப் பதில் சொல்லும் ஒரே ஒரு ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கும் சுரங்கம், உழைப்பு, தரவு, கழிவு அனைத்தையும் ஒரு பெரிய வரைபடமாக வரைந்தார்கள். அதன் எண்ணூர்ப் பதிப்பை வரைய இங்குள்ளவர்களால்தான் முடியும்.

காற்றுத் தரவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் தொடர் அளவீட்டு நிலையங்கள் உள்ளன. அவற்றின் எண்கள் பொதுவில் கிடைக்கின்றன. பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 15. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எத்தனை மூச்சு விடப்படுகிறது என்பது தனிநபர் தரவு அல்லாமல் வேறென்ன?

முதலில் யாருடைய படைப்புகளைப் பார்க்கலாம்?

டெல்லியிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2006-இல் ஷைனா ஆனந்த் கிட்கி பகுதியில் ‘கிட்கியான்’ என்ற படைப்பைச் செய்தார். கடைகளிலும் வீடுகளிலும் மலிவான கண்காணிப்புக் கேமராவையும் மைக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தார். திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்தது. வெவ்வேறு இடங்களில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினார்கள், கிண்டல் செய்தார்கள், சண்டையும் போட்டார்கள். திருடனைப் பிடிக்க விற்கப்பட்ட கருவி அண்டை வீட்டாரைப் பேச வைத்தது. அவரும் அசோக் சுகுமாரனும் இயங்கும் மும்பையின் ‘கேம்ப்’ குழு 2008-இல் மான்செஸ்டரில் கண்காணிப்புக் கேமராக்களின் கட்டுப்பாட்டு அறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வைத்தது. வியாசர்பாடிக் குடியிருப்பின் மாடிகளுக்கு இடையே கம்பி இழுத்துச் செய்ய இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து ஹசன் இலாஹி. வங்கதேசத்தில் பிறந்த இந்த அமெரிக்கக் கலைஞர் 2002-இல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் தடுத்து விசாரிக்கப்பட்டார். மாதக்கணக்கில் நீண்ட விசாரணைக்குப் பின், தான் இருக்கும் இடம், சாப்பிட்ட தட்டு, பயன்படுத்திய கழிப்பறை வரை எல்லாவற்றையும் தானே படமெடுத்து இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். படங்களில் அவர் முகம் இருக்காது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் உளவு பார்ப்பதற்கு மதிப்பு இருக்காது என்ற தந்திரம் அது. குற்றவாளிப் பட்டியலுக்கும் சந்தேகப் பட்டியலுக்கும் அஞ்சி வாழும் இளைஞர்களுக்கு இதே தந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைச் செய்துவிட்டுத் தப்ப அவருக்குப் பேராசிரியர் பணி துணையிருந்தது.

மிமி ஒனுவோஹா 2016-இல் ஓர் இரும்புக் கோப்பு அலமாரியை வைத்து, அதில் யாரும் சேகரிக்காத தரவுகளின் பெயர்களை எழுதிய வெற்றுக் கோப்புகளை அடுக்கினார். ‘விடுபட்ட தரவுகளின் நூலகம்’ என்பது அதன் பெயர். விடுபடும் அச்சத்தைப் பற்றி மேலே சொன்னதற்கு மிக நெருக்கமான படைப்பு இது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் பொறுக்கி வாழ்பவர்களின் உறக்க நேரம், சாக்கடை அடைப்பு எடுக்க வருபவருக்காகத் தெரு காத்திருந்த மணிநேரம் என நாம் தலைப்புகளை எழுதி, தரவு வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து போடலாம் என்று அலமாரியைத் திறந்தே வைக்கலாம்.

சைமன் வெக்கெர்ட் 2020-இல் 99 பழைய கைப்பேசிகளை ஒரு சிறு வண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்து நடந்தார். கூகுள் வரைபடம் அந்தக் காலித் தெருவை நெரிசல் என்று சிவப்பாகக் காட்டியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசையைக் கண்டவர்களுக்கு நெரிசலைப் பொய்யாக உருவாக்க வேண்டிய தேவை இருக்காது. வரைபடத்தில் வராத நெரிசலை வெளிக்கொணர்ந்து காட்டுவதே இங்கே சுவையான சவால்.

ஒரு படைப்பை எதிர்மறை உதாரணமாகவும் பார்க்க வேண்டும். 2011-இல் பாவ்லோ சிரியோவும் அலெசாண்ட்ரோ லுடோவிகோவும் ஃபேஸ்புக்கிலிருந்து பத்து லட்சம் பேரின் விவரங்களை எடுத்து, அவர்களில் 2,50,000 பேரை முக பாவனைக்கு ஏற்பப் பிரித்து ஒரு போலித் துணைதேடும் தளத்தில் போட்டார்கள். நிறுவனத்தின் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு விலையாக நின்றவர்கள் நிறுவனத்தார் அல்லர், எதுவும் அறியாத அந்தப் பயனர்களே. எடுப்பவரை அம்பலப்படுத்தக் கொடுப்பவரையே மீண்டும் அம்பலப்படுத்தும் கலையில் எனக்கு உடன்பாடில்லை.

கணினி நிரல் எழுதத் தெரியாது. தொடங்க முடியுமா?

முடியும். ஜார்ஜியா லூப்பியும் ஸ்டெஃபனி போசவெக்கும் ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு தரவைக் கையால் வரைந்து அஞ்சலட்டையில் ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள். அந்த அட்டைகள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. அதன் பிறகு நிரல் கற்க விருப்பம் வந்தால் பி5.ஜேஎஸ் என்ற, படம் வரைவதற்கான நிரல் கருவி இலவசமாகக் கிடைக்கிறது, கைப்பேசி உலாவியிலேயே இயங்கும்.

டீக்கடை கியூஆர் ஒலிபெருக்கி சொல்லும் தொகைகளை ஒரு நாள் முழுவதும் பதிவு செய்து ஒலிப்படைப்பாக்கலாமா? அது தெருவில் எல்லாருக்கும் கேட்கும் ஒலிதானே?

இது நல்ல கேள்வி. தெருவில் நிற்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு தொகைதான் கேட்கிறது. நாள் முழுவதையும் சேர்த்துக் கோத்தால் அது அந்தக் கடையின் வருமானக் கணக்கு. வாடகை ஏற்ற நினைக்கும் கட்டட உரிமையாளரும், எதிர்ச்சாரியில் கடை போட நினைப்பவரும், மாமூல் வாங்க வருபவரும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். சிதறிக் கிடந்தபோது தீங்கற்றதாக இருந்த தரவு திரட்டப்பட்டதும் ஆயுதமாவதுதான் இத்துறையின் அடிப்படைச் சிக்கல். அதை இந்த எளிய எடுத்துக்காட்டு அழகாக விளக்கிவிடுகிறது.

கடைக்காரரிடம் கேளுங்கள். ‘அண்ணே, ஒரு நாள் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். அந்தச் சரி போதாது. பதிவை அவருக்கே முதலில் போட்டுக் காட்டி, மொத்தத் தொகையையும் கூட்டிச் சொல்லி, அதற்குப் பிறகு மறுபடியும் கேளுங்கள். இரண்டாவது முறை சொல்வதே ஒப்புதல். தொகைகளை நீக்கிவிட்டு ஒலிக்கும் நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டாலும் காலை ஷிப்டு, பள்ளி விடும் நேரம், இரவு லாரிக்காரர்கள் என்று தெருவின் தாளம் அப்படியே இருக்கும். அது தொகைகளோடு இருப்பதைவிடச் சிறந்த படைப்பாகவும் அமையலாம்.

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டால் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் கைப்பேசி இடத்தரவில் நேரமும் இடமுமாக நான்கே புள்ளிகள் தெரிந்தால் 95 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடிந்தது. பெயரற்ற தரவு கூட்டாகவும் காட்டிக்கொடுக்கும். 2017 நவம்பரில் உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் ஓடுபவர்களின் பாதைகளைத் திரட்டி வெளியிட்ட ஒளிரும் உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உட்பாதைகள் தெரிந்தன. இரண்டு மாதம் கழித்தே அது கவனத்துக்கு வந்தது.

காசிமேட்டுக்கு வந்தால் இது பிழைப்பைத் தொடும் செய்தி. விசைப்படகின் ஜிபிஎஸ் கருவியில் சேமித்திருக்கும் மீன்பிடி இடங்களை ஒருவர் மற்றவரிடம் எளிதில் சொல்வதில்லை. அவை ஆண்டுகணக்கான அனுபவத்தின் சொத்து. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் நிறுவனம் செயற்கைக்கோளின் கடல் வெப்பநிலையையும் பச்சைய அளவையும் கொண்டு மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை எல்லாருக்கும் பொதுவாக அறிவிக்கிறது. மேலிருந்து வரும் அந்தத் தரவையும் படகுக்குள் ஒளிந்திருக்கும் தரவையும் எதிரெதிரே வைக்கும் படைப்பு அருமையாக இருக்கும். ஆனால் பாதைகளை வரைபடத்தில் போட்டால், படகின் பெயரை மறைத்தாலும் துறைமுகத்தில் உள்ளவர்கள் யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கரையையும் அட்சரேகையையும் நீக்கி, பாதையின் வளைவை மட்டும் வரையலாம். அதற்கும் படகுக்காரர் தலையாட்ட வேண்டும்.

வீட்டில் ஒரே கைப்பேசிதான். அதில் உள்ளதைப் பயன்படுத்த யாரிடம் ஒப்புதல் பெறுவது?

அதைப் பயன்படுத்தும் எல்லாரிடமும். அப்பாவின் பெயரில் சிம், அம்மாவின் குழுச் சீட்டுக் கணக்கு, தங்கையின் வகுப்புச் செய்திகள், பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வந்த ஓடிபி என ஒரே கருவியில் பல வாழ்க்கைகள் இருக்கும். ஒரு கருவிக்கு ஓர் உரிமையாளர் என்ற அனுமானத்தில் செய்யப்பட்ட மென்பொருள் இங்கே தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றமே ஒரு படைப்புக்குப் போதுமான பொருள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பதிவுகளைத் தொடாமல் இருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சொந்த, வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவுக்கும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுக்கும் இச்சட்டம் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கலை வெளிப்பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு விலக்களிக்க வழி செய்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆகவே கண்காட்சிக்காகப் பிறரது தரவைச் சேகரிப்பவர் ‘இது கலைதானே’ என்று ஒதுங்கிவிட முடியாது.

இன்னொரு வேறுபாடு கலைஞர்களுக்கு முக்கியமானது. மனு லுக்ஷ் 2007-இல் முடித்த ‘ஃபேஸ்லெஸ்’ திரைப்படம் முழுவதும் இலண்டன் கண்காணிப்புக் கேமராக்களின் காட்சிகளால் ஆனது. தன்னைப் பதிவு செய்த கேமரா உரிமையாளர்களிடம் பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நகல் கேட்டு அவர் அவற்றைப் பெற்றார். மற்றவர்களின் முகங்களை மறைத்துக் கொடுத்ததால் முகமற்ற உலகம் என்ற கதையும் அமைந்தது. நம் சட்டம் தருவது கையாளப்படும் தரவின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை. காட்சி நகலையே கேட்டுப் படம் எடுக்கும் வழி இதில் அமையவில்லை. வந்து சேரும் சுருக்கத் தாள்களையே ஒட்டி ஒரு படைப்பு செய்வது நமக்கு வாய்த்த வடிவமாக இருக்கலாம்.

கூட்டத்தில் நடப்பவர்களின் கைப்பேசி வைஃபை சிக்னல்களைப் பிடித்துக் காட்டலாமா?

வேண்டாம். இப்போதைய கைப்பேசிகள் தங்கள் அடையாள எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுவதால் முன்புபோல் அது எளிதும் அல்ல. எளிதாக இருந்தாலும் கேட்காமல் எடுப்பதையே நாமும் செய்கிறோம் என்றாகிவிடும்.

எங்கே காட்சிக்கு வைப்பது?

தரவு கொடுத்தவர்கள் நடந்து வந்து பார்க்கக்கூடிய இடத்தில். நுங்கம்பாக்கத்துக் காட்சிக்கூடத்தில் திறந்துவிட்டுப் பிறகு தெருவுக்குக் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. வரிசையை மாற்றினால் படைப்பும் மாறிவிடும், ஏனெனில் தன் ரேகையையும் தன் கடையின் ஒலியையும் அடையாளம் காண்பவர் சொல்லும் திருத்தங்கள் வேறு எங்கும் கிடைக்காதவை. மன்றம், நூலகம், கல்யாண மண்டபத்தின் ஒரு மூலை எதுவும் போதும். கடலுக்கு அருகில் என்றால் உப்புக்காற்று மின்னணுக் கருவிகளை வெகு விரைவில் அரித்துவிடும். கருவிகளை மூடிய பெட்டியில் வையுங்கள், இணையம் இல்லாமலும் இயங்கும்படி அமையுங்கள். சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்டும் படைப்பு பணம் நின்ற மாதத்தில் இறந்துவிடும்.

படைப்பு முடிந்தபின் ஒருவர் தன் தரவைத் திரும்பக் கேட்டால் என்ன செய்வது?

கொடுத்துவிட்டு, நம்மிடம் உள்ளதை அழிக்க வேண்டும். அழித்த இடத்தை வேறொன்றால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விட்டுக் காட்டலாம். அது படைப்பைக் குறைப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றைப் பழக்கப் பயன்படுத்திய தரவை மட்டும் இப்படிப் பிரித்தெடுக்க முடிவதில்லை என்பதால், பிறரது குரலையும் முகத்தையும் அந்த வேலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. மூலக் கோப்பு, வன்தட்டு நகல், நண்பரின் மடிக்கணினி, தானாக நகலெடுக்கும் இணையச் சேமிப்பு என ஒவ்வொரு பிரதியும் எங்கே இருக்கிறது என்று முதல் நாளிலிருந்தே பட்டியல் எழுதி வாருங்கள். அதன் ஒரு நகலைத் தரவு கொடுத்தவரிடமும் கொடுத்துவிடுங்கள். எதையெல்லாம் திரும்பக் கேட்கலாம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.